பழைய அலுமினியப் படகு: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது

அமெரிக்காவின் மினசோட்டாவில் பனி உருகத் தொடங்கியதும் வீட்டு வாசல்களில் விற்பனை அட்டையோடு பழைய அலுமினியப் படகுகள் வந்து நிற்கும். 14 அடியோ 16 அடியோ நீளம், குறுக்கே மூன்று பெஞ்சு, அடியில் துருப்பிடித்த டிரெய்லர். இந்த மாநிலத்துச் சரக்கு என்றே சொல்லலாம். லண்ட் கம்பெனிப் படகு 1948-ல் பிறந்ததே இங்குள்ள நியூயார்க் மில்ஸ் என்னும் சிற்றூரில்தான். இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு கிரம்மன் என்ற விமானக் கம்பெனி அலுமினியத் துடுப்புப் படகு செய்ய இறங்கியது. தகட்டின் மேல் தகடு வைத்து, இரண்டையும் சேர்த்து இறுக்கும் ரிவெட் ஆணி அடிக்கும் அந்த விமான வேலைதான் இந்தப் படகுகளிலும் இருக்கிறது. அதனால் ரிப்பேருக்கும் விமான மெக்கானிக்கின் கருவிகளே தோதாக இருக்கின்றன.

இங்குள்ள நம் ஆட்கள் சிலர் வாலாய் (walleye) என்ற ஏரி மீன் ஆசையில் இப்படி ஒரு படகை வாங்கி, கராஜில் ஏற்றிவைத்துவிட்டு, எங்கே தொடங்குவது என்று கேட்கிறார்கள். படகை மொத்தமாகப் பிரித்துப் போடாதீர்கள் என்பதுதான் என் பதில். அறிகுறியைப் பாருங்கள், காரணத்தைப் பிடியுங்கள், அப்புறம் கருவியைத் தொடுங்கள். ஏரித் தண்ணீரில் அலுமினியத் தகடு தானாகக் கெடுவது அபூர்வம். அதோடு ஒட்டவைத்த மரம், கம்பளம், ஃபோம், செம்பு, இரும்பு ஆகியவைதான் அதைக் கெடுக்கின்றன. கீழே எந்தக் கோளாறானாலும் தண்ணீர் எங்கே தேங்குகிறது, அலுமினியத்தை எது தொட்டுக்கொண்டிருக்கிறது என்ற இரண்டையும் முதலில் பார்த்துவிடுங்கள்.

ஏரியில் இறக்கியதும் மளமளவென்று தண்ணீர் ஏறுகிறது

படகின் தண்ணீர் வடிக்கும் துளைக்கு அடைப்பான் போட்டீர்களா? சிரிக்க வேண்டாம். வரிக்குதிரைச் சிப்பி போன்ற அந்நிய உயிர்கள் ஒரு ஏரியிலிருந்து இன்னொன்றுக்குப் பரவாமல் இருக்க, சாலையில் படகை இழுத்துச் செல்லும்போது அடைப்பானைக் கழற்றியே வைத்திருக்க வேண்டும் என்பது மினசோட்டா சட்டம். ஆகவே ஒவ்வொரு முறையும் ஏரிக்கரையில் அதைத் திரும்பப் போட்டாக வேண்டும். மறப்பவர்கள் ஏராளம். டிரெய்லரின் சாவிக்கொத்திலேயே அடைப்பானைக் கட்டிவையுங்கள்.

போட்டும் ஒழுகினால் ரப்பரைப் பாருங்கள். வெடித்து இறுகியிருந்தால் புதிது வாங்க வேண்டியதுதான், சில டாலர்தான் ஆகும். அது செருகப்படும் குழாயையும் பாருங்கள். யாரோ பித்தளைக் குழாய் போட்டிருந்தால் அதைச் சுற்றி அலுமினியம் பொடிந்துபோயிருக்கும். அதைக் கழற்றி, அலுமினியம் அல்லது பிளாஸ்டிக் குழாய் வைத்து, விளிம்பில் படகுக்கான சீலன்ட் என்ற கசிவடைக்கும் பசையைத் தடவிப் பொருத்துங்கள்.

மெதுவாக ஊறுகிறது, எங்கிருந்து என்று தெரியவில்லை

இதற்குத்தான் அதிகப் பணம் வீணாகிறது. கசிவு எங்கே என்று தெரியாமல் டப்பா டப்பாவாகப் பூச்சு வாங்குவார்கள். முதலில் இடத்தைக் கண்டுபிடியுங்கள். படகைத் தண்ணீருக்குள் விடுவதற்குப் பதில் தண்ணீரைப் படகுக்குள் விடுவதுதான் வழி.

படகு டிரெய்லரிலேயே இருக்கட்டும். தரைப்பலகை இருந்தால் எடுத்துவிடுங்கள். அடிப்பக்கத்தை வெளியிலிருந்து நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். டிரெய்லர் சட்டத்துக்கு அடியில் கட்டைகள் கொடுத்துத் தாங்கல் வையுங்கள்; 14 அடிப் படகின் அடியில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலே சுமார் 300 கிலோ பாரம். சிறிய டிரெய்லர் அதற்காகச் செய்ததில்லை. அந்த அளவுக்கு மேல் விடவும் வேண்டாம், அடிவரிசை ரிவெட்டுகள் மூழ்கினால் போதும்.

இப்போது கீழே படுத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பாருங்கள். உடனே சொட்டும் இடங்கள் ஒரு ரகம். பத்து நிமிடம் கழித்து ரிவெட் தலையின் ஓரத்தில் வியர்த்தாற்போல ஒரு துளி திரண்டு, மெல்ல வழிந்து, தகட்டு மடிப்பில் ஓடி வேறொரு இடத்தில் சொட்டும் இடங்கள் இன்னொரு ரகம். ஏமாற்றுவது இந்த இரண்டாவதுதான். சொட்டும் இடத்தில் குறி போடாதீர்கள். துளி திரளும் இடத்தில் மார்க்கரால் வட்டமிடுங்கள். வட்டமிட்டதும் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

தண்ணீர் விடாமலே காட்டிக்கொடுக்கும் அடையாளம் ஒன்றும் உண்டு. ரிவெட் தலையிலிருந்து பின்பக்கமாகக் கறுப்புக் கோடு இழுத்திருந்தால் அது தளர்ந்து, ஆடி, தேய்ந்து வந்த அலுமினியப் பொடி. விமான மெக்கானிக்குகள் அதைப் புகை விடும் ரிவெட் என்பார்கள்.

சரி, வட்டமிட்ட ரிவெட்டுகளை என்ன செய்வது?

தளர்ந்தது மட்டும்தான் என்றால் மறுபடி இறுக்கலாம். இதற்கு இரண்டு பேர் வேண்டும். வெளியே ஒருவர், தலையின் வடிவத்துக்குப் பொருந்தும் குழிவுள்ள முனையைக் காற்றுச் சுத்தியலில் மாட்டிக் குறைந்த அழுத்தத்தில் தட்டுவார். உள்ளே ஒருவர், கனமான இரும்புக் கட்டியை ரிவெட்டின் வால்மேல் நேராக அழுத்திப் பிடிப்பார். குறுகிய இரண்டு மூன்று தட்டல் போதும். அடித்துக்கொண்டே இருந்தால் தகடு குழிந்து, பக்கத்து ரிவெட்டும் தளரும். இறுகாத ரிவெட்டோடு மல்லுக்கட்டாதீர்கள், மாற்றிவிடுங்கள்.

மாற்றுவதற்குத் தலையின் நடுவில் சென்டர் பஞ்ச் என்ற கூரான இரும்புக் கருவியால் குறி வைத்து, தலையின் கனம் அளவுக்கு மட்டும் டிரில் போட்டு, தலையைத் தட்டி எடுத்து, தண்டை உள்பக்கம் தள்ளுங்கள். பல படகுகளில் ரிவெட் 3/16 அங்குலம். ஆனாலும் எடுத்ததை அளந்தே வாங்குங்கள். ஓட்டை நீள்வட்டமாகிவிட்டிருந்தால் அடுத்த அளவு. தண்டின் நீளம் தகடுகளின் மொத்தக் கனத்தோடு ரிவெட் விட்டத்தில் ஒன்றரை மடங்கைக் கூட்டினால் வருவது. உள்ளே கை போகாத இடத்துக்கு, வெளியிலிருந்தே இழுத்து இறுக்கும் பாப் ரிவெட் போடலாம், ஆனால் வால் மூடிய வகையாக இருக்க வேண்டும், முழுக்க அலுமினியமாக இருக்க வேண்டும். சாதாரண பாப் ரிவெட்டின் நடுவே ஓட்டை உண்டு, அதன் வழியாகவே ஒழுகும். எதைப் போட்டாலும் 3எம் 5200 போன்ற சீலன்டில் தொட்டுப் போடுங்கள். 5200 ஒட்டினால் ஒட்டியதுதான். நாளைக்குக் கழற்ற வேண்டிய எதிலும் அதைத் தடவாதீர்கள்.

ரிவெட்டெல்லாம் இறுகிய பிறகும் மடிப்பு ஓரங்களில் ஈரம் கசிந்தால்தான் பூச்சுக்கு வேலை. க்ளுவிட் என்ற எபாக்ஸிப் பூச்சை (இரண்டு பொருளைக் கலந்தால் இறுகும் பிசின்) உள்பக்கத்திலிருந்து மடிப்புகளின் மேல் தடவுவது இங்கே வழக்கம். எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, ஸ்டெயின்லெஸ் பிரஷால் தேய்த்து, நன்றாகக் காய்ந்த தகட்டில் தடவ வேண்டும். வெப்பம் முக்கியம். 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கும் கராஜில் எபாக்ஸி சரியாக இறுகாது. மே மாத வெயிலுக்குக் காத்திருங்கள். தளர்ந்த ரிவெட்டின் மேல் தடவினால் தகடு அசைய அசைய வெடித்துவிடும். சிலிகான் மட்டும் வேண்டவே வேண்டாம். அது உரிந்துவிடும்; உரிந்த இடத்தில் அப்புறம் பெயிண்டும் ஒட்டாது, வேறு சீலன்டும் ஒட்டாது.

நின்றால் ஒழுகவில்லை, ஓடும்போது மட்டும் ஒழுகுகிறது

மேலே சொன்ன சோதனையில் இது அகப்படாது. ஓடும்போது அலை மோதும் முன்பக்க அடித்தகடு நெளிகிறது. அங்குள்ள ரிவெட்டுகளையும் நடு மடிப்பையும் பாருங்கள். ஒருவர் உள்ளே நின்று அடித்தகட்டை மிதித்து அசைக்க, இன்னொருவர் வெளியே ரிவெட் தலையில் விரல் வைத்தால் ஆட்டம் தெரியும். பின்பக்கத்தில் மீன்காட்டியின் சென்சாரை மாட்டிய திருகுகள், மோட்டார் போல்ட்டுகள், யாரோ போட்டுவிட்டுக் கைவிட்ட பழைய ஓட்டைகள் ஆகியவையும் சந்தேகப் பட்டியலில் உண்டு.

படகின் விலா எலும்பு (தகட்டைத் தாங்கும் உள்சட்டம்) ஓரத்தில் தகடு விரிசல் விட்டிருந்தால் விரிசலின் இரு நுனியிலும் 3 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்துங்கள். பிறகு 5052 ரக அலுமினியத் தகட்டில் மூலைகளை உருட்டி வெட்டிய ஒட்டு ஒன்றை சீலன்ட் தடவி ரிவெட் அடியுங்கள். வெல்டிங் செய்யலாம்தான், ஆனால் மெல்லிய பழைய தகட்டில் கைதேர்ந்தவர்தான் செய்ய வேண்டும். மடிப்புக்குள் இருக்கும் பழைய பூச்சும் அழுக்கும் வெல்டிங்கைக் கெடுக்கும். பக்கத்து ஃபோம் வேறு உருகும்.

வேகம் கொடுத்தால் மோட்டாரோடு பின்பலகையும் அசைகிறது

டிரான்சம் என்று இங்கே சொல்லும் பின்பலகை, வெளியே அலுமினியம், உள்ளே பிளைவுட். மோட்டாரின் முழுத் தள்ளுவிசையும் அதில்தான் விழுகிறது. மற்ற கோளாறுகளில் படகு மெதுவாக மூழ்கும். இதில் மோட்டாரே கழன்று ஏரிக்குள் போகலாம். அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மோட்டாரை அரைவாசி தூக்கிவைத்து, அதன் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். கண் பின்பலகையின் மேல்விளிம்பில் இருக்கட்டும். பலகையோடு படகு முழுதும் அசைந்தால் நல்லது. பலகை மட்டும் வளைந்தால் உள்மரம் போய்விட்டது. சந்தேகமிருந்தால் உள்பக்கம் கீழ்மூலையில் திருப்புளியைக் குத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் முனை இறங்காது. உளுத்ததில் கேக்கில் இறங்குவதுபோல் இறங்கும், கூடவே பழுப்புத் தண்ணீரும் வரும்.

மாற்றுவது கடினமில்லை. மோட்டாரை இறக்கி, மூலைத் தகடுகளின் ரிவெட்டை எடுத்தால் மரம் மேலே உருவிக்கொண்டு வரும், வராவிட்டால் துண்டு துண்டாக வரும். உருக்குலையாமல் வந்த பக்கத்தை அட்டையில் வரைந்து அளவெடுங்கள். கனத்தையும் அளவுங்கள், பெரும்பாலும் ஒன்றரை அங்குலம் இருக்கும். முக்கால் அங்குல பிளைவுட் இரண்டை எபாக்ஸி வைத்து ஒட்டிக் கிளாம்ப் போட்டு ஓரிரவு விட்டால் அந்தக் கனம் வந்துவிடும்.

எந்த பிளைவுட்? மெரீன் பிளைவுட் நல்லது, வெளிப்புற உபயோகத்துக்கான பசை போட்ட பிளைவுட்டும் போதும். பச்சை சாயல் அடிக்கும், பூச்சிமருந்து ஏற்றிய பிளைவுட் மட்டும் கூடாது. கடைக்காரர் "இது உளுக்கவே உளுக்காது" என்று அதைத்தான் எடுத்துக் கொடுப்பார். உண்மைதான், மரம் உளுக்காது. ஆனால் அந்த மருந்தில் இருப்பது செம்பு. ஈரமான செம்பு அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் பேட்டரியில் நடப்பதே அங்கும் நடக்கும், கரைவது அலுமினியமாகத்தான் இருக்கும். 2003-க்குப் பிறகு வீட்டு மரங்களில் ஆர்சனிக் கலந்த பழைய மருந்தை நிறுத்தி, செம்பு கூடுதலான மருந்துக்கு மாறினார்கள். ஆகவே தாத்தா காலத்துப் படகில் ஒன்றும் ஆகவில்லையே என்ற வாதம் இப்போது செல்லாது.

வெட்டிய பலகைக்கு, முக்கியமாக ஓரங்களுக்கு, மூன்று கோட் எபாக்ஸி கொடுங்கள். போல்ட் ஓட்டையைத் தேவைக்கு மேல் பெரிதாகப் போட்டு, எபாக்ஸியால் நிரப்பி, இறுகியதும் அதன் நடுவில் சரியான அளவில் மறுபடி ஓட்டை போடுங்கள். அப்போது போல்ட் வழியே தண்ணீர் இறங்கினாலும் மரத்தைத் தொடாது. பின்பலகைகள் உளுக்கத் தொடங்குவதே பெரும்பாலும் இந்த ஓட்டைகளில்தான். போல்ட் ஸ்டெயின்லெஸ், தலைக்கடியில் சீலன்ட். மோட்டாரின் கைத்திருகு இறுக்கத்தை மட்டும் நம்பாமல் போல்ட்டும் போட்டுவிடுங்கள்.

படகு கனக்கிறது, முடுக்கினாலும் மேலெழும்பவில்லை

முதலில் மோட்டார் உயரம். புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டையான தகடு படகின் அடிமட்டத்தோடு சமமாகவோ, ஓரங்குலம் கீழாகவோ இருக்க வேண்டும். 15 அங்குல உயரப் பின்பலகையில் 20 அங்குலப் பலகைக்கான நீளத் தண்டு மோட்டாரை மாட்டியிருந்தால் தகடு ஆழத்தில் கிடந்து இழுக்கும்.

அது சரியாக இருந்தால் சந்தேகம் ஃபோம் மேல் திரும்பட்டும். பெஞ்சுக்குள்ளும் தரைக்கடியிலும் ஊற்றிய பழைய ஃபோம் வருடக்கணக்கில் தண்ணீர் குடித்திருக்கும். ஒரு கன அடி ஃபோம் 27 கிலோவைத் தண்ணீரில் தாங்க வேண்டியது. முழுக்க ஊறினால் கிட்டத்தட்ட அதே பாரத்தை உங்கள் தலையில் ஏற்றும். ஒரு துண்டு வெட்டிப் பிழிந்து பாருங்கள். வெளிக்காய்ந்து உள்ளே ஈரமாக இருப்பதுதான் வழக்கம், அதனால் அடிவரை தோண்டுங்கள். லாரி எடைமேடையில் டிரெய்லரைப் படகோடும் படகு இல்லாமலும் எடை போட்டாலும் தெரிந்துவிடும்.

ஊறியதை எடுத்தால் பதிலுக்கு வைத்தே ஆக வேண்டும். படகு கவிழ்ந்தால் மூழ்காமல் நிற்பது அதனால்தான். நான்கு கன அடியை எடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் 100 கிலோவுக்கு மேல் மிதவை போயிற்று. கட்டடக் கடையில் கிடைக்கும் நீலம் அல்லது இளஞ்சிவப்பு நிற எக்ஸ்ட்ரூடட் ஃபோம் அட்டையை வெட்டி அடுக்குங்கள். தண்ணீர் குடிப்பது குறைவு. அடியில் தண்ணீர் ஓட வழி விட்டு அடுக்குங்கள். பெட்ரோல் பட்டால் இந்த ஃபோம் கரைந்துவிடும், பெட்ரோல் டேங்க் பக்கத்தில் வேண்டாம்.

குளிர்காலத்துக்கு முன் அடைப்பானைக் கழற்றி, முன்பக்கத்தை உயர்த்தி நிறுத்துங்கள். தேங்கிய தண்ணீர் உறைந்தால் கனஅளவு சுமார் 9 சதவீதம் கூடும். இறுக்கிய மடிப்பையெல்லாம் அது மறுபடி திறந்துவிடும்.

தரையைத் தூக்கினால் வெள்ளைப் பொடியும் ஊசித் துளையும்

அலுமினியத்தின் மேல் இருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம்தான் அதற்குக் கவசம். காற்று இருந்தால் அந்தப் படலம் கீறினாலும் தானே வளரும். ஈரக் கம்பளத்துக்கடியில் காற்று இல்லை, அதனால் வளராது. அங்கே ஒரு பழைய செம்புக் காசோ, ஈயக் குண்டோ, இரும்புத் திருகோ விழுந்து கிடந்தால் அதன் வடிவத்திலேயே குழி விழும். 1982-க்கு முந்தைய அமெரிக்க ஒரு சென்ட் காசு 95 சதவீதம் செம்பு. படகை வாங்கியதும் மூலைமுடுக்கெல்லாம் காந்தமும் கையும் விட்டுத் துழாவுங்கள். செம்பும் ஈயமும் காந்தத்துக்கு வராது.

பொடியை ஸ்டெயின்லெஸ் பிரஷால் தேய்த்து எடுங்கள். சாதாரண இரும்புப் பிரஷ் கூடாது, அதன் துகள் அலுமினியத்தில் பதிந்து புதுக் குழிக்கு விதை போடும். ஊசித் துளைக்கு எபாக்ஸி போதும். உள்ளங்கையளவு இடம் சல்லடையாகிவிட்டால் மேலே சொன்ன தகட்டு ஒட்டு. கம்பளத்தைத் திரும்பப் போடாதீர்கள். வழுக்காத வினைல் விரிப்பு அழகும்தான், துவைக்கவும் எளிது.

மேடை கட்டிய பிறகு படகு ஆடுகிறது

இதுதான் படகை அழகுபடுத்தும் வேலையின் ஆபத்தான பக்கம். வீடியோக்களில் பெஞ்சுகளை எல்லாம் அறுத்தெடுத்து, முன்னே பின்னே உயர மேடை போட்டு, நாற்காலி மேல் நாற்காலி வைக்கிறார்கள். பெஞ்சு வெறும் இருக்கையில்லை. பக்கத் தகடுகள் உள்ளே மடியாமல் தாங்குவது அது, மிதவை ஃபோமின் வீடும் அது. ஒன்றை எடுத்தே ஆக வேண்டுமென்றால் அதே இடத்தில் 6061 அலுமினியக் கோணச் சட்டத்தால் பக்கத்துக்குப் பக்கம் தாங்கல் கொடுத்து, ஃபோமுக்கும் வேறிடம் காட்டுங்கள். நடுப் பெஞ்சைத் தொடாமல் இருப்பதே நல்லது.

மேடை பெஞ்சின் உயரத்தைத் தாண்ட வேண்டாம். நான்கு அடி அகலப் படகில் நின்றுகொண்டு தூண்டில் வீசும்போது ஒவ்வொரு அங்குலமும் தெரியும். எடையும் பாருங்கள்: நாலுக்கு எட்டு அடி முக்கால் அங்குல பிளைவுட் ஒன்று சுமார் 30 கிலோ, அரை அங்குலம் சுமார் 20. இங்கே 20 அடிக்குக் குறைந்த மோட்டார் படகுகளில் எத்தனை பேர், எவ்வளவு எடை, எத்தனை குதிரைத்திறன் என்று சொல்லும் தகடு ஒட்டியிருக்கும். மேடை, பேட்டரி, மீன் தொட்டித் தண்ணீர் எல்லாம் அந்த எடைக் கணக்கில்தான் சேரும். ஏற்கெனவே கட்டிவிட்டு ஆட்டம் கண்டால் பேட்டரியையும் பெட்ரோலையும் தரைமட்டத்துக்கு இறக்கிப் பாருங்கள். போதவில்லையென்றால் மேடையை அறுத்துத் தாழ்த்துவதுதான் வழி.

முன் மோட்டார் வலுவிழக்கிறது, அல்லது புதுக் குழிகள் விழுகின்றன

இரண்டும் கம்பியிணைப்புக் கோளாறு. படகின் முன்னால் மாட்டும், பேட்டரியில் ஓடும் 55 பவுண்டு இழுவையுள்ள 12 வோல்ட் மோட்டார் முழு வேகத்தில் 50 ஆம்பியர் வரை இழுக்கும். பேட்டரி பின்னால், மோட்டார் முன்னால் என்றால் போக வர 30 அடிக் கம்பி. 10 கேஜ் கம்பியில் (கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும்) வழியிலேயே ஒன்றரை வோல்ட் போய்விடும். 6 கேஜில் 0.6 வோல்ட்தான் போகும். 6 கேஜ், வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி வாங்குங்கள். பேட்டரியிலிருந்து 18 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸோ பிரேக்கரோ இருக்கட்டும்.

காரில் செய்வதுபோல் படகின் உடம்பையே நெகட்டிவ் கம்பியாக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கம்பி தனியாக ஓட வேண்டும். சோதிக்க, பின்பலகையில் மாட்டிய பெரிய மோட்டாரான அவுட்போர்டின் பேட்டரிக் கம்பிகளைக் கழற்றிவிட்டு, மற்ற ஸ்விட்சுகளை எல்லாம் போட்டு, மல்டிமீட்டரில் பாசிட்டிவ் முனைக்கும் தகட்டுக்கும் இடையே அளவுங்கள். பிறகு நெகட்டிவ் முனைக்கும் தகட்டுக்கும். இரண்டும் ஏறக்குறைய பூஜ்யமாக இருக்க வேண்டும். முதலாவது 12 காட்டினால் நெகட்டிவ் எங்கோ தகட்டைத் தொடுகிறது. இரண்டாவது 12 காட்டினால் பாசிட்டிவ் தொடுகிறது. அன்றே கண்டுபிடியுங்கள், அது தகட்டையே தின்னும். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றினால் எந்தக் கம்பி என்று தெரிந்துவிடும்.

அடித்த பெயிண்ட் செதில் செதிலாக உரிகிறது

வெறும் அலுமினியத்தின் மேல் நேரே அடித்திருப்பார்கள். உரிவதையெல்லாம் சுரண்டி, உப்புத்தாளால் மங்கலாகும்வரை தேய்த்து, துடைத்து, அன்றைக்கே அலுமினியத்துக்கான, தகட்டை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் செல்ஃப் எட்சிங் பிரைமர் அடியுங்கள். மறுநாள் என்று விட்டால் ஆக்சைடு திரும்பக் கனத்துவிடும். பாசி பிடிக்காமல் அடியில் அடிக்கும் பெயிண்டில் செம்பு இருக்கிறதா என்று டப்பாவைப் படியுங்கள், இருந்தால் இந்தப் படகுக்கு ஆகாது. டிரெய்லரிலேயே கிடக்கும் ஏரிப் படகுக்கு அந்த வகைப் பெயிண்டே தேவையில்லை. என்னைக் கேட்டால் உள்பக்கத்துக்குச் சாதாரணப் பெயிண்டும் தேவையில்லை. வெறும் தகடாக விட்டால் அடுத்த ரிவெட் புகைய ஆரம்பிப்பது உடனே கண்ணில் படும்.